கத்துக்குட்டியின் இரண்டு வாரம்: இங்கிலாந்துச் சுண்ண ஓடைகளில் மேஃபிளை காலத்து ட்ரவுட் பிடிப்பது எப்படி

மே மாதம் பாதி கழிந்ததிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை, தென் இங்கிலாந்தின் சுண்ண ஓடைகளில் மேஃபிளை என்ற பூச்சி கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். மற்ற மாதங்களில் எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெரிய ட்ரவுட் மீன்கூட அப்போது வெட்கத்தை விட்டுவிட்டுத் தின்னும். இந்த ஊர்த் தூண்டில்காரர்கள் இந்தக் காலத்துக்குக் கத்துக்குட்டியின் இரண்டு வாரம் என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். எவன் வீசினாலும் மீன் விழுமாம்.

நான் அசல் கத்துக்குட்டியாக இருந்த வருஷம் அந்த இரண்டு வாரத்தில் மூன்று நாள் போனேன். தலைக்கு மேல் பூச்சி, கண்ணெதிரே மீன், பெட்டி நிறையக் காசு போட்டு வாங்கிய ஈக்கள், அதாவது முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய போலிப் பூச்சிகள். ஒரு மீன்கூட மாட்டவில்லை. வீசத் தெரியாதது பாதிக் காரணம். மீதிப் பாதி, மீன் அந்த நேரத்தில் எதைத் தின்கிறது என்று பார்க்காமலே வீசிக்கொண்டிருந்தது. கீழே கம்பு, நரம்பு பற்றிக் குறைவாகவும் பார்ப்பது பற்றி அதிகமாகவும் எழுதியிருந்தால், அந்த மூன்று நாள்தான் அதற்குப் பொறுப்பு.

முதலில் ஆற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

மழைநீர் சுண்ணப்பாறைக்குள் இறங்கி, மாதக்கணக்கில் உள்ளேயே தங்கி, மெதுவாக ஊற்றெடுத்து வரும் ஆறுதான் சுண்ண ஓடை. ஊற்றில் நீரின் வெப்பம் கோடையிலும் குளிரிலும் ஏறக்குறைய 10, 11 டிகிரி செல்சியஸ். ஒரு மழைக்கெல்லாம் சட்டென்று கலங்காது. முழங்கால் ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். சுண்ணச் சத்து நிறைந்த நீர் என்பதால் நீர்க்கொடியும் பூச்சியும் நன்னீர்ச் சின்ன இறாலும் ஏராளம். மீன் கொழுகொழுவென்று வளரும். உலகத்தில் இருக்கும் சுண்ண ஓடைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் இருக்கின்றன.

பெயர்பெற்றவை ஹாம்ப்ஷயரின் டெஸ்ட், இட்சன், வில்ட்ஷயரின் ஏவன், வைலி, பெர்க்ஷயர் பக்கம் கென்னட், லாம்போர்ன், டோர்செட்டில் ஃப்ரோம். லண்டனுக்குள்ளேயே ஒன்று ஓடுகிறது, வாண்டில். டூட்டிங் பக்கம் தோசை சாப்பிடப் போகிற நம்மவர்களில் பலருக்கு, கொஞ்ச தூரத்தில் கோலியர்ஸ் வுட் வழியாகப் போவது சுண்ண ஓடை என்பதே தெரியாது. 1960களில் சாக்கடை என்று முத்திரை குத்தப்பட்ட ஆறு அது. உள்ளூர்க்காரர்கள் பல வருஷம் குப்பை அள்ளி, சரளை கொட்டி, இன்று அதில் மறுபடி ட்ரவுட் இருக்கிறது.

ஊட்டிப் பக்கம் ட்ரவுட் பார்த்தவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. நீலகிரியில் இருப்பது வட அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட். இங்கே மண்ணின் மைந்தன் பிரவுன் ட்ரவுட். வெண்ணெய் நிற வயிறு, கருப்பும் சிவப்புமாகப் புள்ளிகள், ஓர் இடத்தைப் பிடித்தால் நாள் முழுக்க அங்கேயே நிற்கும் குணம். இந்தக் கடைசிக் குணம்தான் நமக்கு உதவி.

அனுமதி இல்லாமல் கரையில் கால் வைக்காதீர்கள்

இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று அரசின் தூண்டில் உரிமம். 13 வயது ஆனவர்கள் எல்லோருக்கும் கட்டாயம். 16 வயது வரை இலவசம், ஆனாலும் வாங்கியாக வேண்டும். ஒருநாள் உரிமமும் உண்டு. இணையத்தில் சில நிமிஷ வேலை.

இரண்டாவது, அந்தக் கரையில் மீன்பிடி உரிமை யாருக்கோ அவர்களின் அனுமதி. சுண்ண ஓடைகள் பெரும்பாலும் தனியார் கையில் இருக்கின்றன. ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பீட் என்று பெயர் வைத்து, நாள் வாடகைக்கு விடுகிறார்கள். மேஃபிளை காலத்தில் டெஸ்ட் நதியின் நல்ல பீட்டுக்கு ஒரு நாளைக்குச் சில நூறு பவுண்டு கேட்பார்கள். முதல்முறை போகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம் என்பேன். வைலி, கென்னட் போன்ற ஆறுகளிலும் அவற்றின் கிளை ஓடைகளிலும் உள்ளூர் மீன்பிடிச் சங்கங்கள் இருக்கின்றன. சில நாள் சீட்டு தரும், சிலவற்றில் உறுப்பினராகக் காத்திருக்க வேண்டும். குளிர்காலத்திலேயே விசாரித்து வையுங்கள்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி. உங்கள் பகுதியில் மேஃபிளை உண்மையிலேயே நன்றாகக் கிளம்புமா? ஒரே ஆற்றில்கூட இடத்துக்கு இடம் மாறும். அந்த வாரம் களை வெட்டுகிறார்களா? வெட்டினால் மிதந்து வரும் நீர்க்கொடியில் ஈ மாட்டி நாள் போய்விடும். அப்புறம், விதிகள் என்ன?

விதிகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பல பீட்டுகளில் நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி, மிதக்கும் ஈயை மட்டுமே வீசலாம். நிம்ஃப் என்ற மூழ்கும் ஈக்கு ஜூலை வரை தடை. இந்தக் கறாருக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் என்ற தூண்டில் எழுத்தாளர் மிதக்கும் ஈயை ஒரு மதமாகவே ஆக்கிவிட்டார். மிதக்கும் ஈயோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது நம்ம வாண்டில் கரையில்தான். ஆற்றில் மீன் பெரும்பகுதியை நீருக்கடியில்தானே தின்கிறது, அங்கே வீசினால் என்ன என்று இட்சன் கரையிலிருந்து ஸ்கியூஸ் என்ற வக்கீல் கேட்டார். 1938இல் லண்டன் ஃபிளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்காகவே ஒரு விவாதம் கூட்டினார்கள். என் ஓட்டு ஸ்கியூஸுக்கு. ஆனால் அடுத்தவர் கரையில் நிற்கும்போது அவர்கள் சட்டம்தான்.

பூச்சியின் வாழ்க்கை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

மேஃபிளையை நம் ஊர் ஈசலோடு ஒப்பிடத் தோன்றும். இனம் வேறு, ஆனால் இறகு முளைத்த பிறகு ஆயுசு கம்மி என்பதில் இரண்டும் ஒன்று. நாம் எதிர்பார்ப்பது எபிமெரா டானிகா என்ற பெரிய இனம். உடம்பு மட்டும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர், பின்னால் மூன்று நீண்ட வால் இழைகள்.

இது ஆற்றடிச் சேற்றில் வளை தோண்டி, பொதுவாக இரண்டு வருஷம் புழுப் பருவத்தில் கிடக்கிறது. நாள் வந்ததும் நீந்தி மேலே வந்து, நீர்ப்பரப்பில் தோலைக் கிழித்துக்கொண்டு இறகோடு வெளிவருகிறது. இந்த நிலைக்கு டன் என்று பெயர். பச்சை கலந்த மஞ்சள் இறகு, கருத்த நரம்போடு, பாய்மரம் போல நிமிர்ந்து நிற்கும். இறகு விறைக்கும்வரை நீரோட்டத்தில் மிதந்து வரும். தப்பித்தது தட்டுத் தடுமாறிக் கரை மரத்துக்குப் பறக்கும்.

மரத்தில் இலைக்கடியில் உட்கார்ந்து ஒரு நாள்போல இருந்துவிட்டு, இறகு முளைத்த பிறகும் இன்னொரு முறை தோல் உரிக்கும். பூச்சி உலகத்தில் இந்த வித்தை மேஃபிளை வகைகளுக்கு மட்டுமே உண்டு. இப்போது இறகு கண்ணாடி போல மின்னும், உடம்பு தந்த நிறமாகும். பெயர் ஸ்பின்னர். வாய் இருந்தும் தின்ன முடியாது. ஆண்கள் மரத்தோரம் மேலே எழும்பிக் கீழே விழுந்து ஆடிக்கொண்டிருக்கும். பெண் நடுவில் புகுந்து இணைசேரும். பிறகு பெண் ஆற்றுக்குத் திரும்பி, வயிற்று நுனியை நீரில் தொட்டுத் தொட்டு முட்டையிட்டு, கடைசியில் இறகை விரித்துப் போட்டபடி நீர்மேல் விழுந்துவிடும். ஸ்பென்ட் என்பார்கள்.

ஆக மீனுக்கு இலை போட்டுப் பரிமாறப்படுவது ஒரே பண்டம் அன்று. மேலே ஏறி வருகிற புழு, தோலில் பாதி சிக்கிய டன், நிமிர்ந்த டன், விரிந்து கிடக்கும் ஸ்பென்ட் என்று நான்கு. பெரிய மீன் பெரும்பாலும் ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்னும்.

சாமான்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 9 அடிக் கம்பு, 5 வெயிட் (லைனின் கனத்தைக் குறிக்கும் எண்), மிதக்கும் லைன். அதன் முனையில் போகப் போகச் சன்னமாகும் லீடர் என்ற நரம்பு, 9 முதல் 12 அடி. கடைசி நரம்பு 5 அல்லது 6 பவுண்டு தாங்குவதாக இருக்கட்டும். இதைவிட மெல்லியது வேண்டாம். மேஃபிளை ஈ விசிறி போன்றது, வீசும்போது சுழன்று மெல்லிய நரம்பை முறுக்கிக் கயிறாக்கிவிடும்.

ஈக்களில், டன்னுக்கு 10 அல்லது 12ஆம் எண் முள்ளில் கட்டிய கிரே வுல்ஃப் என்ற ஈ இரண்டு. இறகு விரிந்த ஸ்பென்ட் இரண்டு. பாதி மூழ்கி நிற்கும்படி, வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியை ஒட்டிய மெல்லிறகில் கட்டியது இரண்டு. இந்த இறகு தானாகவே மிதக்கும், அதில் மிதவைப் பசை தடவினால் ஒட்டிக்கொண்டு பாழாகும். மற்ற ஈக்களுக்குத் தடவலாம். கூடவே 16, 18ஆம் எண்ணில் சின்னக் கருத்த ஈக்கள் நாலைந்து. அவை எதற்கு என்று கீழே வரும்.

ஈயைக் கட்டும் முன் இடுக்கியால் முள்ளின் எதிர்முள்ளை நசுக்கிவிடுங்கள். நீரின் பளபளப்பை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி, ரப்பர் வலைக் கைவலை, மங்கிய பச்சையிலோ பழுப்பிலோ சட்டை. கண்ணாடியை மறந்து போன நாள் எனக்கு நடைப்பயிற்சி நாளாகத்தான் முடிந்தது.

கரையில் முதல் அரைமணி: கம்பைக் கீழே வையுங்கள்

அதிகாலையில் எழுந்து ஓட வேண்டாம். பூச்சி பெரும்பாலும் 11 மணிக்கு மேல் எட்டிப் பார்க்கும். பிற்பகலில்தான் வேகம் பிடிக்கும். 10 மணிக்குப் போய் டீ குடித்துக்கொண்டே பீட்டின் கீழ் முனையிலிருந்து மேல்நோக்கி மெதுவாக நடங்கள். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், அதனால் பின்னாலிருந்து வருவதுதான் மரியாதை.

மீன் மேலே பார்க்கும் உலகம் ஒரு வட்டச் சன்னலுக்குள் அடங்கியது. ஒளி நீரில் வளைவதால், நீர்மட்டத்திலிருந்து சுமார் 10 பாகைக்குக் கீழே இருப்பது அதன் கண்ணுக்குச் சரியாகப் படாது. குனிந்து, தேவைப்பட்டால் மண்டியிட்டுப் போகச் சொல்வது இதற்காகத்தான். தரையை ஓங்கி மிதித்து நடக்காதீர்கள், அதிர்வு கரை வழியே போய்ச் சேரும்.

தனித்தனி மீனாகத் தேடுங்கள். நீர்க்கொடிகளுக்கு நடுவே சரளை தெரியும் சந்து, கரையோரம் சாய்ந்த மரத்தின் நிழல், பாலத்துத் தூணின் பின்புறம். மீன் தெரியாவிட்டால் நிழல் தெரியும். நிழலும் தெரியாவிட்டால் வால் அசைவது தெரியும். மீன் மேலெழும் விதத்தை அப்புறம் கவனியுங்கள். தண்ணீர் தெறிக்க வாய் வைத்தால் பெரும்பாலும் டன்னைத் துரத்துகிறது. முதுகும் வாலும் மட்டும் சோம்பலாகப் புரண்டால் பாதி வெளிவந்ததைத் தின்கிறது. முத்தம் கொடுத்தது போல ஒரு சின்ன வளையம் மட்டும் என்றால், செத்து விரிந்து கிடப்பதை உறிஞ்சுகிறது. தப்பிக்காத இரைக்கு எதற்கு அவசரம்?

இந்த மூன்றிலும் சேராத ஒன்று எனக்கு வைலி கரையில் நடந்தது. மே மாதக் கடைசி, தூறல், குளிர். ஆல்டர் மர வேருக்கடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன், நிமிஷத்துக்கு நாலு தடவை வாய் திறக்கிறது. ஆறெங்கும் மேஃபிளை. நான் நாலு வகை மேஃபிளை மாற்றிவிட்டேன், முக்கால் மணி நேரம் போனது. சலித்துப் போய்க் கரையில் குப்புறப் படுத்து நீர்மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தேன். பெரிய மேஃபிளை ஒன்று மிதந்து வந்து மீனின் மூக்கை உரசிவிட்டே போனது. அது சட்டை செய்யவில்லை. அதன் பின்னால் கொசு அளவில் கருநீல இறகோடு ஏதோ வந்தது. வாய் திறந்தது. அயர்ன் புளூ என்ற சின்ன ஈ, மே மாதத்தின் ஈரமான குளிர் நாட்களில் வரும். 18ஆம் எண்ணில் கருத்த ஈயைக் கட்டி வீசினேன். முதல் வீச்சில் எடுத்தது. பெட்டியில் சின்ன ஈக்கள் வேண்டும் என்று சொன்னது இதற்காக.

பருவத்தின் முதல் இரண்டு மூன்று நாள் மீன் மேஃபிளையைச் சந்தேகத்தோடு பார்க்கும், தொடாது. கடைசி நாட்களில் வயிறு முட்டியிருக்கும். தேதி உங்கள் கையில் இருந்தால் நடுப்பகுதியைக் கேளுங்கள்.

வீச்சு

ஃபிளை ஃபிஷிங்கில் ஈக்கு எடையே கிடையாது. எடை லைனுக்கு, லைன் பறந்து ஈயை இழுத்துப் போகும். பயிற்சியைப் புல்தரையில் முடித்துவிட்டு வாருங்கள், ஆற்றங்கரையில் மீன் சம்பளம் வாங்காமல் சொல்லித் தராது. 10, 12 மீட்டர் நேராக விழுந்தால் சுண்ண ஓடைக்குப் போதும்.

மீனுக்குக் கீழ்நீர்ப் பக்கம், சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். தூரத்தை அளக்கப் போடும் பொய் வீச்சுகளை மீனுக்கு மேலே போடாதீர்கள்; வேறு பக்கம் அளந்துவிட்டுக் கடைசி வீச்சை மட்டும் திருப்புங்கள். ஈ மீனுக்கு ஒரு மீட்டர் மேல்நீர்ப் பக்கம், இறகு விழுவது போல விழட்டும். லைன் மீனின் தலைக்கு மேல் விழுந்தால் அன்றைக்கு அந்த மீனோடு உங்கள் பேச்சு முடிந்தது.

அடுத்தது இழுவை. ஈ விழுந்த இடத்தில் நீர் மெதுவாகவும் லைன் விழுந்த இடத்தில் வேகமாகவும் ஓடினால், லைன் முந்திக்கொண்டு ஈயை இழுக்கும். உற்றுப் பாருங்கள், ஈயின் பின்னால் படகு போனது போல ஒரு நூல் கோடு விரியும். இவ்வளவு போதும், மீன் கீழே இறங்கிவிடும். லைனைக் கொஞ்சம் தளர்வாக, பாம்பு போல நெளிந்து விழும்படி வீசினால் அந்த நெளிவு நிமிரும்வரை ஈ சுதந்திரமாக மிதக்கும். லைன் நீரில் விழும் முன் கம்பு முனையை மேல்நீர்ப் பக்கம் சாய்ப்பதும் உதவும். மீன் எடுக்கவில்லையா, ஈ அதைத் தாண்டிப் போகும்வரை விட்டு, பிறகு மெதுவாகச் சுருட்டுங்கள். இரண்டு மூன்று தடவை மறுத்தால் ஐந்து நிமிஷம் சும்மா இருந்துவிட்டு ஈயை மாற்றுங்கள்.

தூக்குவது: நம் கைப்பழக்கம் இங்கே எதிரி

தாமிரபரணியில் மண்புழு கோத்து, தக்கை அமுங்கிய நொடியில் வெடுக்கென்று இழுத்துப் பழகிய கை என்னுடையது. ட்ரவுட் மேஃபிளைக்கு வாய் திறந்ததும் அதே வெடுக். ஈ மட்டும் முகத்துக்கு வந்தது, ஒன்றல்ல ஐந்து தடவை.

பெரிய ஈ, பெரிய வாய், நிதானமான மீன். அது ஈயை உள்ளே வாங்கி, வாயை மூடி, தலையைக் கீழே திருப்ப வேண்டும். அதற்குள் இழுத்தால் திறந்த வாயிலிருந்து பிடுங்குகிறீர்கள். ராணியைக் கடவுள் காப்பாற்றட்டும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத் தூக்கு என்பது இங்குள்ள பழைய ஆட்களின் கணக்கு. இப்போது ராஜாவுக்குச் சொல்ல வேண்டும். நான் முருகா முருகா என்பேன், நேரம் சரியாக வருகிறது. பிறகு கம்பை உயர்த்தினால் போதும், இழுக்க வேண்டாம்.

மாட்டியதும் மீன் நீர்க்கொடிக்குள் ஓடப் பார்க்கும். கம்பைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து அதன் தலையைத் திருப்புங்கள். புகுந்துவிட்டால் பலமாக இழுக்காதீர்கள். லைனைத் தளர்த்திக் கொஞ்சம் காத்திருந்தால் பல நேரம் தானாக வெளியே வரும். நீண்ட நேரம் விளையாட்டுக் காட்டாமல் சீக்கிரம் கைவலைக்குள் கொண்டுவாருங்கள்.

காட்டு ட்ரவுட்டைத் திருப்பி விடுவது பெரும்பாலான பீட்டுகளில் விதி. கையை நனைத்துக்கொள்ளுங்கள், மீனை வலையோடு நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள், செவுளில் விரல் படக்கூடாது. தலையை நீரோட்டத்துக்கு எதிராகக் காட்டிப் பிடித்திருங்கள். வால் திமிறும்போது விடுங்கள். கிரேலிங் என்ற பெரிய முதுகுத் துடுப்பு மீன் மாட்டினால் அதையும் விட்டாக வேண்டும், ஆறுகளில் அதற்கு ஜூன் 15 வரை மூடிய பருவம்.

சாயங்காலம் கிளம்பிவிடாதீர்கள்

5 மணிக்குப் பூச்சி நின்று ஆறு அமைதியாகும், பாதிப்பேர் வண்டியைக் கிளப்புவார்கள். அந்த நேரத்தில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ஸ்பென்ட் ஈயைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். காற்று அடங்கிய மாலை என்றால் மரத்தோரம் ஆண் ஸ்பின்னர்கள் மேலும் கீழும் ஆடுவது தெரியும். 7 மணிவாக்கில் பெண்கள் ஆற்றுக்குத் திரும்பும். சூரியன் மறைய 9 ஆகும், நேரம் நிறைய இருக்கிறது.

சத்தமே இருக்காது. சின்னச் சின்ன வளையங்கள் மட்டும். அவற்றுக்கு அடியில்தான் பகல் முழுக்க நீங்கள் காணாத பெரிய மீன்கள். ஸ்பென்ட் ஈ நீரோடு ஒட்டிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அது எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் வளையம் எழுந்தால், முருகா முருகா, தூக்குங்கள். காற்று அடித்தாலும் சட்டென்று குளிர்ந்தாலும் ஸ்பின்னர் ஆற்றுக்கு வராது. அன்று சீக்கிரம் கிளம்பலாம்.

வண்டியில் ஏறும் முன் காலணி, கைவலை, கால்சட்டை மூன்றையும் கழுவி, வீட்டில் நன்றாகக் காய வையுங்கள். ஒரு ஆற்றின் நோயும் அந்நியக் களையும் ஈரச் சாமானில் ஒட்டிக்கொண்டுதான் அடுத்த ஆற்றுக்குப் போகின்றன. மறுநாளே வேறு ஆற்றுக்குப் போவதாக இருந்தால், காய்ந்த இன்னொரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.